குத்தகைப் பத்திரத்தில் இல்லாத ஒரு வரி

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் இன்று நினைவுகூரும் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த ஊரில் எந்தச் சிக்கல் என்று போனாலும், மக்களின் கோபத்தை முழுக்கக் கேட்டு முடித்த பிறகு, "காகிதம் ஏதாவது இருக்கா?" என்பார். தீர்மான நகல், பட்டா, ஏல அறிவிப்பு, குத்தகைப் பத்திரம் என்று எதையாவது கையில் வாங்காமல் அந்த ஊரைவிட்டுக் கிளம்பமாட்டார். அவர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நானும் ஒரு காகிதத்தின் வரலாற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், வில்மிங்டன் என்னும் நகரின் நடுவில், மக்கள் பணத்தில் ஒரு கார் நிறுத்தக் கட்டடம் எழுந்தது. அதன் ஒரு பகுதியை ஓர் உணவகத்துக்கு விட்ட குத்தகைப் பத்திரம் 1957 ஏப்ரலில் எழுதப்பட்டது. அந்தப் பத்திரம்தான் இன்றைய பொருள்.

கார் நிறுத்துமிடத்துக்கும் தலித் இலக்கிய மேடைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். நகராட்சிக் கூட்டங்களின் பொருள்நிரலைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் வராது. சாக்கடை, தெருவிளக்கு, சந்தை ஏலம், வண்டி நிறுத்தக் கட்டணம் என்று அது நீளும். சாதி என்ற சொல் எங்கும் இருக்காது. ஆனால் அந்த நகரத்தில் 'பொது' என்றால் யார் யார் என்பது அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகிறது.

1. பொது என்ற சொல்

நம் மொழியிலேயே இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 'ஊர்ப் பொதுக் கிணறு' என்றால் சேரிக்கு அதில் நீர் இல்லை. 'ஊர்ப் பொது மந்தை' என்றால் சேரிக்காரர் அதில் உட்கார முடியாது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்துவிட்ட பிறகு, ஊருக்குப் பொதுவானது சேரிக்கு அயலானதாகிவிடுகிறது. விலக்கி வைப்பதற்குத் தனியாக ஒரு சொல் தேவைப்படவில்லை. 'பொது' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்தது.

இதை முன்னோர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். பொதுச் சாலை, தெரு, பாதை, பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம், பொதுக் காரியங்கள் நடக்கும் கட்டடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் அங்கே செல்லத் தடையில்லை என்கிறது அது. 'பொது இடம் அனைவருக்கும் பொது' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே, ஏன் இத்தனை பெயர்கள்? பொது என்று மட்டும் எழுதினால் அதற்குள் நம்மைச் சேர்க்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் குளத்தைக் குளம் என்றும் தெருவைத் தெரு என்றும் எழுதிவைத்தார்.

அந்தத் தீர்மானத்துக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, உலகின் இன்னொரு மூலையில், பெயர் சொல்லி எழுதாமல் விட்டதால் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2. ஒன்பதாம் தெருக் கட்டடம்

டெலவேர் சிறிய மாநிலம். உள்நாட்டுப் போரில் வடக்கோடு நின்றாலும், அது அடிமைகளை வைத்திருந்த மாநிலம். அடிமை முறையை ஒழித்த 13ஆம் அரசமைப்புத் திருத்தத்தை 1865இல் ஏற்க மறுத்துவிட்டு, 1901இல்தான் ஒப்புக்கொண்டது. பள்ளிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. ஹாக்கெசின் என்ற ஊரில் வெள்ளைக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்து ஒரு கறுப்பினச் சிறுமியின் வீட்டு வாசல் வழியாகவே போகும். அவளுக்கு அதில் இடம் கிடையாது. அந்த வழக்கை நடத்தியவர் லூயிஸ் ரெட்டிங். 1929இல் டெலவேரில் வழக்கறிஞராகப் பதிவு செய்த முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த வழக்கு, பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் செல்லாதென்று அறிவித்த 1954ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றானது. ரெட்டிங்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

அந்தக் காலத்து அமெரிக்க நகரங்கள் எல்லாவற்றையும் போல வில்மிங்டனுக்கும் ஒரு கவலை இருந்தது. கார்கள் பெருகின, கடைத்தெருவில் நிறுத்த இடமில்லை, வாங்குவோர் புறநகருக்குப் போய்விடுவார்களோ என்ற பயம். மாநிலச் சட்டத்தின்கீழ் வில்மிங்டன் பார்க்கிங் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முதல் திட்டம் ஒன்பதாம் தெருவில் ஒரு கார் நிறுத்தக் கட்டடம். நிலம் நான்கு துண்டுகளாகத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. அவற்றில் ஒன்று ஐஸும் நிலக்கரியும் விற்ற ஒரு நிறுவனத்தின் இடம். அதன் விலையில் ஒரு பகுதியாக நகராட்சி 9,34,000 டாலரை நன்கொடையாகக் கொடுத்தது. பின்னர் ஆணையத்தின் கடனையும் பத்திரங்களையும் தீர்க்க 18 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஆக, அந்த நிலத்தில் வரி கட்டிய ஒவ்வொருவரின் காசும் இருந்தது. வரி கட்டியவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு.

கட்டுவதற்கு முன்பே வல்லுநர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். கார் நிறுத்தக் கட்டணத்தை மட்டும் நம்பினால் இந்தக் கட்டடம் தன் காலில் நிற்காது. எதிர்பார்த்த வருவாயில் கார்களிலிருந்து வரக்கூடியது 30.5 விழுக்காடுதான். மீதியைக் கடை வாடகைகளிலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே கட்டடத்தின் ஒரு பகுதியை ஏலம் விட்டார்கள். அப்படி வந்ததுதான் ஈகிள் காப்பிக் கடை. இருபது ஆண்டுக் குத்தகை, மேலும் பத்தாண்டு நீட்டிக்கலாம். ஆண்டு வாடகை 28,700 டாலர். உள்ளலங்காரத்துக்கும் தளவாடங்களுக்கும் கடைக்காரர் ஏறத்தாழ 2,20,000 டாலர் செலவிட்டார். கட்டடத்தைப் பழுது பார்ப்பதும் பராமரிப்பதும் ஆணையத்தின் பொறுப்பு. ஆணையத்துக்கு வரிவிலக்கும் உண்டு. இது பொதுக் கட்டடம் என்று சொல்லும் அரசுப் பலகைகள் சுவரில் இருந்தன. கூரையில் மாநிலக் கொடியும் தேசியக் கொடியும் பறந்தன.

குத்தகைப் பத்திரத்தில் வாடகை, தவணை, பராமரிப்பு, சூடேற்றும் வசதி எல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் இல்லை. வருகிற எல்லோருக்கும் வேறுபாடின்றிப் பரிமாற வேண்டும் என்ற வரி இல்லை. அப்படி ஒரு நிபந்தனை விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருந்தும் யாரும் எழுதவில்லை.

3. காருக்கு இடமுண்டு

1958 ஆகஸ்டில் ஒருநாள் வில்லியம் பர்ட்டன் என்ற கறுப்பினத்தவர் அந்தக் கட்டடத்தில் தன் காரை நிறுத்தினார். கட்டணம் செலுத்தினால் யாருடைய காரும் அங்கே நிற்கலாம். நிறுத்துமிடத்திலிருந்து உணவகத்துக்கு நேரடி வழி இல்லாததால், சுற்றிக்கொண்டு ஒன்பதாம் தெரு முன்வாசலுக்கு நடந்து போனார். உள்ளே சென்று உணவு கேட்டார். இல்லை என்றார்கள். காருக்கு இடமுண்டு, காரை ஓட்டி வந்தவருக்கு இல்லை.

கார் என்பது அன்றைய கறுப்பின மக்களுக்கு வெறும் வசதி அல்ல என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பேருந்தில் பின்னிருக்கைக்கு விரட்டப்பட்டவர்களுக்குச் சொந்தக் கார் ஒரு தன்மானம். 1955-56இல் மாண்ட்கமரியில் பேருந்துகளைப் புறக்கணித்தபோது, கார்களைப் பகிர்ந்துகொண்டுதான் மக்கள் வேலைக்குப் போனார்கள். ஆனால் காரில் ஏறிவிட்டால் மட்டும் போதுமா? வழியில் எங்கே சாப்பிடுவது, எங்கே தூங்குவது? அதற்காகவே ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் கிரீன் என்ற அஞ்சல்காரர், கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகள், கடைகளின் பட்டியலை 1936 முதல் கையேடாக வெளியிட்டு வந்தார்.

நமக்கும் இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஊர்த் தெரு வந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தகப்பன்மார்களின் பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். 1929இல் சாலிஸ்கானில் அம்பேத்கரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஓட்ட மாட்டார்கள். ஓட்டிப் பழகாத ஒரு மகர் தோழரே ஓட்ட நேர்ந்து, பாலத்தில் வண்டி தூக்கியெறிந்து அம்பேத்கர் அடிபட்டார். காசு தீட்டில்லை, வாடகை தீட்டில்லை, ஆள் மட்டும் தீட்டு. ஒன்பதாம் தெருவிலும் நடந்தது அதுதான்.

4. 'அது தனியார் கடை'

பர்ட்டன் வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர் லூயிஸ் ரெட்டிங். கடைக்காரரின் வாதம் எளிமையானது. கட்டடம் யாருடையதாக இருந்தால் என்ன, கடை என்னுடையது, வாடகை கொடுக்கிறேன், யாருக்குப் பரிமாறுவது என்பது என் விருப்பம்.

இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. விடுதி, அரங்கு, வண்டிகளில் நிறபேதம் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1875இல் ஒரு சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 1883இல் அதைச் செல்லாதாக்கியது. அரசமைப்பின் 14ஆம் திருத்தம் தரும் சமத்துவம் அரசின் செயல்களை மட்டுமே கட்டுப்படுத்தும், தனிமனிதரின் செயல்களை அல்ல என்பது காரணம். அன்றிலிருந்து, ஒரு கறுப்பினத்தவரை வாசலில் தடுத்தவர் தன்னைத் தனியார் என்று சொல்லிக்கொண்டால் போதும், அரசமைப்பு அந்த வாசலைத் தாண்டாது. வாசலுக்கு உள்ளே அரசு இருக்கிறது என்று மெய்ப்பித்தாக வேண்டும். அதுதான் ரெட்டிங்கின் முன்னிருந்த வேலை.

டெலவேர் சான்சரி நீதிமன்றம் பர்ட்டன் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அது அடுக்கிய காரணங்களைக் கேளுங்கள். கட்டடச் செலவில் பொதுப்பணம் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். உணவகம் திட்டத்தில் இருந்ததல்ல, ஏலத்தில் தற்செயலாக வந்தது. கடையின் வாசல் தெருவைப் பார்த்து இருக்கிறது, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து இல்லை. ஆணையத்துக்கும் கடைக்கும் உள்ள உறவு ஆண்டு வாடகை மட்டுமே. இதற்கும் மேலாக மாநிலத்தில் ஒரு சட்டமும் இருந்தது. ஒருவரை உபசரிப்பது பெரும்பாலான வாடிக்கையாளருக்கு மனவருத்தம் தந்து தொழிலைக் கெடுக்குமானால், அவரை உபசரிக்க உணவகக்காரருக்குக் கட்டாயமில்லை என்றது அச்சட்டம். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, மத்தவங்க கடைக்கு வரமாட்டாங்க" என்று நம் ஊர்த் தேநீர்க் கடைக்காரர் இரட்டைக் குவளைக்குச் சொல்லும் அதே சமாதானம், அங்கே சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருந்தது.

வழக்கு வாஷிங்டன் போனது. 1961 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பர்ட்டனுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டாம் கிளார்க். அவருடைய வாதத்தின் சாரம் இது: நிலம் பொதுவுடையது, கட்டடம் பொதுவுடையது, பராமரிப்பு பொதுப்பணத்தில் நடக்கிறது. கார் நிறுத்துமிடம் கடைக்கு வாடிக்கையாளரைத் தருகிறது, கடை கார் நிறுத்துமிடத்துக்கு ஆட்களைத் தருகிறது. ஒன்றின் வயிறு மற்றதால் நிரம்புகிறது. கறுப்பினத்தவருக்குப் பரிமாறினால் வியாபாரம் கெடும் என்று கடையே சொல்கிறது. அப்படியென்றால் ஒதுக்கி வைத்து ஈட்டும் இலாபம், ஓர் அரசு அமைப்பு நிலைத்து நிற்க இன்றியமையாத வருமானமாகிறது. கடையின் பாகுபாட்டில் அரசு பங்காளியாகிவிட்டது.

கிளார்க் இன்னொரு முரணையும் சுட்டிக்காட்டினார். அக்கம்பக்கத்தில் முழுக்க முழுக்கத் தனியார் கட்டடங்களில் இருந்த உணவகங்களில் பர்ட்டனுக்கு இடம் கிடைக்கும். மக்கள் பணத்தில் எழுந்த கட்டடத்தில்தான் அவர் இரண்டாந்தரக் குடிமகன்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மிக முக்கியமாகப் படுவது வேறோர் இடம். ஆணையம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் வெறுமனே சும்மா இருந்திருக்கலாம். அது பொருட்டல்ல என்கிறது தீர்ப்பு. பத்திரத்தில் நிபந்தனை எழுதியிருக்க முடியும், எழுதவில்லை. தன் பொறுப்பைச் செய்யாமல் விடுவதாலேயே ஓர் அரசு அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிட முடியாது. இல்லாத ஒரு வரியை அந்த நீதிமன்றம் ஒரு செயலாகவே படித்தது.

5. மகத் நகராட்சியும் இதே பாடமும்

இந்த வழக்கைப் படிக்கும் தலித் வாசகருக்கு மகத் நினைவுக்கு வராமல் இருக்காது. 1923 ஆகஸ்டில் எஸ்.கே. போலே பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். பொதுப் பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தருமசாலைகளைத் தீண்டத்தகாதோர் பயன்படுத்தலாம் என்பது அது. அங்கேயும் அளவுகோல் பொதுப்பணம்தான். அதை ஏற்று 1924இல் மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்திருந்தது, கரையில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்து சென்று நீர் அருந்தினார்கள். அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 1927 ஆகஸ்டு 4 அன்று நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது.

அடுத்து வந்த வாதத்தைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றம் போய், அந்தக் குளம் நகராட்சிக்குச் சொந்தமே இல்லை, அது தனியார் சொத்து என்றார்கள். அதுவரை ஊர்க் குளமாக இருந்தது, நாம் கரையில் இறங்கியதும் தனிச் சொத்தாகிவிட்டது. அந்த வாதத்தை முடித்துவைக்க 1937 வரை, பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வில்மிங்டனையும் மகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விதி தெரிகிறது. பொதுச் சொத்தில் ஒடுக்கப்பட்டவர் உரிமை கேட்கும்போதெல்லாம், அந்தச் சொத்து திடீரென்று தனியாருடையதாக மாறும். குளமாக இருந்தால் பழைய பாத்தியதை என்பார்கள். கட்டடமாக இருந்தால் குத்தகை என்பார்கள்.

அம்பேத்கர் இந்த விதியை நன்கு அறிந்தவர். கொலம்பியாவில் படித்த காலத்தில் ஹார்லெமின் பக்கத்திலேயே இருந்தவர். 1946இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பினத்தவர் அளித்த மனுவின் நகலைக் கேட்டவர். நம் அரசமைப்பின் 15(2) பிரிவைப் படியுங்கள். கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள் என்று முதலில் வருகிறது. இவை தனியாருடையவை. அரசு நிதியிலிருந்து முழுவதுமாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை என்று அடுத்து வருகிறது. 'ஓரளவோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். 15 விழுக்காடுதான் பொதுப்பணம் என்ற டெலவேர் வாதம் இங்கே எழவே முடியாது. 'கடை' என்பது எவ்வளவு விரிந்தது என்று அரசமைப்பு அவையில் கேட்டபோது, காசுக்குச் சேவை தரும் எவரும் அதில் அடங்குவர் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கினார். முடிதிருத்துபவர் கடையும் சலவைக் கடையும் அதற்குள் வந்துவிட்டன. அமெரிக்கா இந்த இடத்தை அடைய 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரை காத்திருந்தது. நாம் 1950இலேயே எழுத்தில் அடைந்துவிட்டோம். எழுத்தில் மட்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

6. கதவைத் திறப்பதற்குப் பதிலாக

தீர்ப்பு வந்ததும் எல்லா நகரங்களும் திருந்திவிட்டன என்று நினைக்க வேண்டாம். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில் ஐந்து நீச்சல் குளங்கள் இருந்தன. நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்ற நிலை வந்ததும், நகரமன்றம் நான்கை மூடியது. ஐந்தாவது குத்தகையில் இருந்த இடம். அந்தக் குத்தகையை விட்டுக்கொடுத்தது. எல்லோருக்கும்தானே மூடினோம் என்ற வாதத்தை 1971இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது.

இன்னொரு வழி, ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் இடத்தையே எடுத்துவிடுவது. வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரத்தில், கடைத்தெருவை ஒட்டி வினிகர் ஹில் என்ற கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. முடிதிருத்தகங்கள், உணவகங்கள், மளிகைக் கடைகள், தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. வெள்ளையர் கடைகளில் மரியாதை கிடைக்காத மக்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட கடைத்தெரு அது. நகர சபை அதைப் பாழடைந்த பகுதி என்று சொல்லி, நகரப் புதுப்பிப்புத் திட்டத்தில் இடிக்க முடிவெடுத்தது. 1960இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க வேண்டுமானால் வர்ஜீனியாவில் தலைவரி கட்டியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றரை டாலர், மூன்று ஆண்டு வரியும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டியாக வேண்டும். யாருடைய வீடு இடிபடப் போகிறதோ அவர்களில் பலருக்கு வாக்கு இல்லை. மிகக் குறைந்த வேறுபாட்டில் தீர்மானம் நிறைவேறியது. 1960களின் நடுவில் சுமார் 140 கறுப்பினக் குடும்பங்களும் ஏறத்தாழ 30 வணிகங்களும் ஒரு தேவாலயமும் அங்கிருந்து அகற்றப்பட்டன. பலர் வெஸ்ட்ஹேவன் என்ற அரசுக் குடியிருப்புக்குப் போனார்கள். அவசரமாக இடித்த அந்த நிலம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்து, கார்கள் நிறுத்தப் பயன்பட்டது.

கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் பெரும்பாக்கத்தையும் அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். 2011இல் சார்லட்ஸ்வில் நகர சபை வினிகர் ஹில்லை இடித்ததற்கு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டபோது அந்தக் கடைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

7. பன்மையும் பார்க்கிங்கும்

இன்று அமெரிக்காவின் நகரங்கள் பன்மைத்துவம் என்ற சொல்லை விரும்பிப் பயன்படுத்துகின்றன. எங்கள் ஊரில் பல இனத்தவர் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கின்றன. அதே நகரங்களில் பல, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்று நெடுங்காலம் விதி வைத்திருந்தன. கார் வைக்கும் இடத்துக்கும் நிலம் வேண்டும், கட்டுமானச் செலவு வேண்டும். அது வாடகையில் ஏறும். கார் இல்லாதவரும் கார் நிறுத்துமிடத்துக்குச் சேர்த்து வாடகை கட்டுவார், கட்ட முடியாதவர் ஊருக்கு வெளியே போவார். எந்த இனத்தையும் பெயர் சொல்லாமல் ஒரு விதி தன் வேலையைச் செய்துவிடும். இதை உணர்ந்துதான் 2017இல் பஃபலோ நகரம் அந்தக் கட்டாயத்தை நகரம் முழுவதும் நீக்கியது. மினியாபொலிஸ் 2021இல் நீக்கியது.

கார் நிறுத்துமிடம் வேண்டாம் என்று சொல்வதே முற்போக்கு என்று நான் சொல்ல வரவில்லை. நடுநகரில் வீடு கிடைக்காமல் நாற்பது மைல் தள்ளி வாழ்ந்து, பேருந்தும் இல்லாமல், பழைய கார் ஒன்றில் இரவு வேலைக்கு வரும் துப்புரவுத் தொழிலாளிக்கு, நிறுத்துமிடத்தின் கட்டணத்தை உயர்த்துவது கூலியைக் குறைப்பதுதான். ஒரே முடிவு ஓர் ஊரில் கதவைத் திறக்கலாம், இன்னோர் ஊரில் அடைக்கலாம். ஆகவே முழக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. யாருடைய நிலம், யாருடைய பணம், யாருக்கு வருமானம், யார் வெளியே நிற்கிறார் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பன்மை என்பது பல வகை மனிதர்கள் ஓரிடத்தில் இருப்பதைச் சொல்கிறது. அவர்களில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார், யார் மேசையைத் துடைக்கிறார் என்று அது சொல்வதில்லை. வருணம் பிரித்த ஊரிலும் பன்மை இருந்தது. நமக்கு வேண்டியது சமத்துவம், அதைப் பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு.

8. காகிதம் இருக்கா?

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன்.

நம் நகராட்சிகளும் பேருந்து நிலையங்களைக் கட்டுகின்றன, வணிக வளாகங்களைக் கட்டுகின்றன, வண்டி நிறுத்தும் உரிமையை ஏலம் விடுகின்றன, சந்தையைக் குத்தகைக்கு விடுகின்றன. எல்லாம் நம் பணம், நம் நிலம். ஏலம் எடுத்தவர் கையில் போன மறுநாளே அது அவருடைய கடையாகிவிடுகிறது. யாரை வேலைக்கு வைப்பது, யாரை வாசலில் உட்காரவிடுவது, எந்தத் தள்ளுவண்டியை விரட்டுவது என்பதை அவர் முடிவு செய்கிறார். போய்க் கேட்டால், "அது கான்ட்ராக்டர் விஷயம்" என்கிறது அலுவலகம். வில்மிங்டன் ஆணையமும் அதைத்தான் சொன்னது. அது செல்லாது என்று 1961இலேயே ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நமக்கோ அதைவிட வலுவாக, 15(2) பிரிவும், தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன.

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையின் குத்தகைப் பத்திரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். வாடகை எவ்வளவு, தவணை என்ன என்று பக்கம் பக்கமாக இருக்கும். சாதி, மதம் பாராமல் எல்லோருக்கும் ஒரே குவளையில், ஒரே இருக்கையில் பரிமாற வேண்டும், தவறினால் குத்தகை ரத்து என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், அடுத்த ஏலம் வருவதற்குள் அந்த வரியை எழுதவைக்க உங்கள் வார்டு உறுப்பினரிடம் போங்கள். ஆதிதிராவிடர் ஒருவரே உறுப்பினராக இருந்தால் அவருடன் சேர்ந்து கூட்டத்துக்கே போங்கள். பொருள்நிரலில் அது 'கடை ஏலம்' என்றுதான் இருக்கும்.

இரட்டைமலை சீனிவாசன் குளத்தைக் குளம் என்று பெயர் சொல்லி எழுதினார். நம் காலத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டிய இடங்கள் வேறு. பார்க்கிங், வணிக வளாகம், உணவகக் கூடம் என்று அவை பெயர் மாறி வருகின்றன. அவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். நம் தோழர் இன்று இந்த அரங்கில் இருந்திருந்தால், இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்லும்படி அடுத்த ஆண்டு இதே நாளில் பத்திர நகல்களோடு வாருங்கள்.

ஜெய் பீம்.